நீராவிக்கு முதல் பாட்டு

இந்த அவையை அமைதியோடும் அன்போடும் நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! பாட்டு புரிகிறதோ இல்லையோ, பாடுகிறவர்கள் நம் பிள்ளைகள் என்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வாய் ஓயாத பிள்ளைகளைப் பெற்று, அந்த வாய்க்கு ஈடுகொடுத்து வளர்த்த தாய்மார்களே! மேடையை நிறைத்து நிற்கும் பன்னிரண்டு ராப் பாடகர்களே! நாற்காலி கிடைக்காமலும் நகராமல் நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஒலிப்பதிவாளனின் உளம் நிறைந்த வணக்கம்.

அடுத்தவர் குரலைப் பதிவு செய்தே முப்பது ஆண்டுகளை ஓட்டியவன் நான். என் குரலைக் கேட்க இத்தனை பேர் கூடியது இன்றுதான். பொறுங்கள், பொறுங்கள்! கைதட்டலை என்னிடமே செலவழித்துவிடாதீர்கள். அதை வாங்க வேண்டியவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

இன்று நாம் வெளியிட்டிருக்கும் தொகுப்பின் பெயர் 'ஒரே மூச்சு'. ஆறு பாட்டு. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு குரல். ஒன்று, அரங்கங்களை அதிரவைத்த குரல். மற்றொன்று, அடுத்த தெருவுக்குக்கூட அறிமுகமாகாத குரல். இது நடக்குமா என்று கேட்டார்கள். இது எடுபடுமா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? நான்தான்! சிரிக்காதீர்கள். இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

முதல் பாட்டுக்கு இரண்டு பேரைச் சேர்த்தோம். ஒருவர் நீங்கள் எல்லோரும் அறிந்த ராப் பாடகர் இடிமுழக்கம். இன்னொருவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கும் பெண். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் நீராவி. அவர் கைப்பேசியில் பதிந்து அனுப்பிய நான்கு வரியைக் கேட்டு நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம்.

ஆனால், ஸ்டூடியோவுக்கு வந்தார், கண்ணாடி அறைக்குள் நின்றார், குரல் வரவில்லை! ஒரு நாள் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். "என்னம்மா ஆச்சு?" என்றேன். "இங்க என் மூச்சு எனக்கே கேக்குது அண்ணே. பயமா இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் நான் இடிமுழக்கத்திடம் சொன்னேன்: "இந்தப் பொண்ணு சரிப்பட்டு வராது தம்பி. வேற ஆளைப் போட்டுடலாம்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அவங்க எங்க பாடிப் பழகினாங்கன்னு கேட்டீங்களா அண்ணே?"

"இல்லை."

"அப்போ தப்பு அவங்க மேல இல்ல. மைக்கை எடுங்க, கிளம்பலாம்."

முப்பது வருட அனுபவம் எனக்கு. அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லையே!

போனோம். மருத்துவமனையின் கீழ்த்தளம், நீராவி வேலை செய்யும் சலவைக்கூடம். வரிசையாக எந்திரங்கள், வெந்நீர் வாடை, பேச்சே காதில் விழாத இரைச்சல். மேற்பார்வை அம்மா இடுப்பில் கைவைத்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பாடுறதுன்னா பாடுங்க. ஆனா சும்மா நிக்கக் கூடாது. விரிப்பு மடிங்க!"

ஆயிரக்கணக்கில் ரசிகர்களை வைத்திருக்கும் இடிமுழக்கம் விரிப்பு மடித்தார் ஐயா! நான்கு மூலையும் நான்கு திசை பார்த்தது. அங்கே விசில் அடிக்கிற தம்பி, நீ மடித்துப் பார், அப்போது தெரியும்!

அந்த இரைச்சலுக்கு நடுவே நீராவி நிமிர்ந்து நின்றார். எந்திரம் உருளும் கதியைக் காலால் தட்டினார். தொடங்கினார்:

"ஊரு அழுக்கு மொத்தமும் என் கையில வெளுக்குது,
என் பேரு மட்டும் உனக்கு ஏன் நாளும் மறக்குது?
மடிச்சு வெக்கிறது விரிப்பை மட்டும்தான்,
என் குரலை மடிக்க ஒருத்தனும் பொறக்கல!"

ஒரே தடவை. ஒரே மூச்சு. திருத்த ஓர் எழுத்து இல்லை!

அடுத்து இடிமுழக்கத்தின் முறை. எழுதிக்கொண்டு வந்த தாளைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "அண்ணே, ரெண்டு வருஷமா எனக்கு ஒரு வரிகூட வரல. இது பழைய சரக்கு. இவங்க பக்கத்துல இது நிக்காது" என்றார். அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். எழுதினார். பாடினார், தடுமாறினார். பதினோரு தடவை பாடினார்! கடைசியில் நீராவிதான் வழி சொன்னார்: "வரி நடுவுல மூச்சு விடாதீங்க அண்ணே. மெஷின் திரும்புறப்போ விடுங்க." பன்னிரண்டாவது தடவையில் அந்தக் கீழ்த்தளமே கைதட்டியது!

இப்போது சொல்லுங்கள். இங்கே யார் யாரைத் தூக்கிவிட்டார்கள்? புகழ் பெற்றவரா புதியவரை? புதியவரா, பேச்சற்றுப் போயிருந்த புகழ் பெற்றவரை? எனக்குக் கணக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் உயர்ந்து நிற்பது மட்டும் தெரிகிறது!

பாட்டைக் கேட்ட வெளியீட்டு நிறுவனத்தார், "இரைச்சல் அதிகம், கடைசியில் வையுங்கள்" என்றார்கள். இடிமுழக்கம் எழுந்து நின்றார். "அதுதான் முதல் பாட்டு. அவங்க பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது. இல்லேன்னா என் பேரே வேண்டாம்." உறையை எடுத்துப் பாருங்கள் தோழர்களே, எந்தப் பெயர் முதலில் இருக்கிறது என்று!

இன்று காலை பாட்டு வெளியானது. நீராவி அதைத் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாராம். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுக் கவலையோடு கேட்டிருக்கிறார்: "யாரைடி இப்படித் திட்டுறே?"

"யாரையும் திட்டலம்மா. நான் யாருன்னு சொல்றேன்."

"அதுக்கு ஏன் இவ்வளவு மெதுவா சொல்றே? இன்னும் சத்தமா சொல்லு!"

தாயே, நீங்கள் எந்த வரிசையில் அமர்ந்திருந்தாலும் உங்களுக்கு என் தனி வணக்கம். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. என் பேச்சு முடிந்தது, மைக்கைக் கொடுக்கிறேன். நீராவி, முன்னால் வாம்மா. உன் அம்மா சொன்னதைச் செய்!