பத்து நிமிடம் முந்திய வீடு

— அந்தக் கேமராப் பெட்டியைத் தூக்கிக் கெணத்துல போடுங்க ஈப்பன் சார்! என் பையன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்ட பெட்டி அது!

— தெரேசியா, கேட்டுல நின்னு கத்தாதே. உள்ள வா, உக்காரு, அப்புறமா கத்து.

— உக்கார வரலை. ஜிஜோ இந்த மாசக் கடைசிக்குள்ள அயர்லாந்து ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைக்குச் சேரணும். போலீஸ் சர்டிபிகேட் தர மாட்டேங்கிறாங்க. கோயில்ல மனசம்மதம் முடிஞ்சு நிச்சயமான பொண்ணு டெல்னா அங்க காத்துக்கிட்டு இருக்கா. அவங்க அப்பன் நேத்து போன் பண்ணி, "கேஸ் இருக்காமே"ன்னு இழுக்கறான். எல்லாம் உங்க கேமராவால!

— கேமரா என்ன செஞ்சுது? பார்த்ததைச் சொல்லுச்சு. கோயில்ல சாயங்கால மணி ஆறுக்கு அடிக்குது. மணி அடிக்கறப்பதான் வளைவுல சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டுதுன்னு ஊரே சொல்லுது. சைக்கிள்ல வந்த ஔசேப்பு சேட்டன் இடிபட்டு இடுப்பொடிஞ்சு கெடக்கார். சரியா ஆறு மணிக்கு என் கேட்டைத் தாண்டி வளைவுப் பக்கம் போனது ஜிஜோவோட சிவப்புக் கார். கணக்குன்னா கணக்கு.

— மணிக்கு முன்னாடியே போய்ட்டான் அவன்!

— நாலு கேமரா மாட்டியிருக்கேன். நாலும் ஒரே நேரத்தைக் காட்டுது. நாலும் பேசி வெச்சுக்கிட்டா பொய் சொல்லும்?

— ஒருத்தனைப் பார்த்து நாலு பேர் காப்பியடிச்சா நாலு பேருக்கும் ஒரே தப்புதான் வரும். உங்க நாலும் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தானே காப்பியடிக்குது?

— உனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்? கேமராவை இன்டர்நெட்ல விட்டா எவனெவனோ என் வீட்டுக்குள்ள எட்டிப் பார்ப்பான். அதான் வெளித் தொடர்பையே வெட்டிட்டேன். வெட்டிட்டா ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு ஓடும், ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். அதுக்குத்தான் ஸ்டோர் ரூம்ல பெட்டி. அது நேரம் சொல்லும், நாலும் கேட்டுக்கும். மின்சார வாரியத்துல இஞ்சினீயரா இருந்தவன்கிட்ட வந்து நீ...

— சின்னம்ம சேச்சி! கதவுக்குப் பின்னால நிக்கறது சேலை நுனியிலேயே தெரியுது. வெளிய வாங்க.

— என் மாதாவே, நான் அடுப்புல மீன் வெச்சிருக்கேன் தெரேசியா.

— மீன் வெந்துக்கும். எஸ்.ஐ. அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். ஜிஜோ கார் போகுது. நீங்க முத்தம் பெருக்கிக்கிட்டு இருக்கீங்க. மதில் மேல எட்டி என் வீட்டுக் கொடியில என்ன காயுதுன்னு பார்க்கறீங்க. திரும்பவும் பெருக்கறீங்க. அப்புறம்தான் துடைப்பத்தைக் கீழ போட்டுட்டு, கோயில் பக்கம் திரும்பி சிலுவை போடறீங்க. அதுதானே மணி? அப்போ என் பையன் எப்பவோ போயாச்சே!

— இவ கொட்டாவி விட்டாலும் சிலுவை போடுவா. பல்லி கத்தினாலும் போடுவா. அதை வெச்சு நேரம் பார்க்க முடியுமா?

— எஸ்.ஐ.யும் அதையேதான் சொன்னார். "எதுக்குப் போட்டாங்களோ யார் கண்டது, கடிகாரம் ஆறுன்னு சொல்லுது"ன்னு மூடி வெச்சுட்டார். அதான் கேக்கறேன் சேச்சி. ஸ்டேஷனுக்கு வந்து ஒரே வார்த்தை சொல்லுங்க, "மணிக்குத்தான் சிலுவை போட்டேன்"னு. கால்ல விழச் சொல்றீங்களா, விழறேன்.

— எனக்கு... ஞாபகம் இல்லை தெரேசியா. கொட்டாவியா இருந்திருக்கும். போற வர்ற வண்டியெல்லாம் நான் எங்க கவனிக்கறேன்?

— யார் வீட்டுல மத்தி, யார் வீட்டுல நெய்மீன்னு வாசனையிலேயே சொல்ற நீங்களா கவனிக்கலை? நல்லா இருங்க சேச்சி. ரெண்டு பேரும் நல்லா இருங்க.

\*

— போய்ட்டாளா?

— போய்ட்டா. அச்சாயா, நம்ம ஹால் கடிகாரம் பத்து நிமிஷம் கூட.

— எந்த ஹால் கடிகாரம்?

— நமக்கு என்ன நாலு ஹாலா இருக்கு? நம்ம பொண்ணு ரீனா பள்ளிக்கூடம் போன காலத்துலேயே முள்ளைத் திருப்பி வெச்சேன். இல்லேன்னா உங்களைக் கோயிலுக்குக் கெளப்ப முடியுமா?

— இத்தனை வருஷமா நான் முன்கூட்டியேவா பூசைக்குப் போய்க்கிட்டு இருக்கேன்?

— பத்து நிமிஷம் முந்தி ஓடியும் நீங்க சுவிசேஷம் வாசிக்கறப்பதான் போய்ச் சேர்றீங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

— அதை ஏன் இப்போ சொல்றே?

— கண் ஆபரேஷனுக்கு நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ இடி விழுந்து கரண்டு போச்சே. உங்க பெட்டி நேரத்தை மறந்துட்டு முழிச்சுது. "ஹால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அடிச்சு விடுடி"ன்னு போன்ல கத்தினீங்க. பார்த்தேன், அடிச்சேன்.

— அப்போ... நாலும் பத்து நிமிஷம் முந்தியா ஓடுது?

— நாலும் ஒத்துமையா.

— அப்போ தெரேசியா சொல்றது நிஜம். பையன் மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போயிருக்கான். சட்டையை எடு. இப்பவே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். கணக்குன்னா கணக்கு.

— போங்க. போறதுக்கு முன்னாடி, நான் சிலுவை போட்டு முடிச்சதும் கேட்டைத் தாண்டறது யார் வண்டின்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.

— எஸ்.ஐ. பார்க்கலையா?

— அவர் எடுத்துட்டுப் போன படம் சிலுவையோட முடியுது, ஆறு மணி போதும்னு ஆச்சு அவருக்கு. பாருங்க.

— ...வெள்ளைக் கார். இது நம்ம மருமகன் சாபு வண்டிதானே?

— சாபுதான். பலாப்பழம் கொண்டு வந்து இறக்கிட்டு, டீ கூடக் குடிக்காம கெளம்பினார். மறுநாள் ரீனா போன்ல சொல்றா, வண்டியோட முன் விளக்கு ஒடைஞ்சிருக்காம். கேட்டதுக்கு நாய் குறுக்க வந்துச்சுன்னாராம்.

— நாயா?

— நாயாம்.

— நீ சாபுகிட்ட நேரா கேட்டியா?

— மருமகன்கிட்டப் போய் "நீ ஒரு ஆளை இடிச்சியா"ன்னு எந்த மாமியார் கேட்பா? நீங்க கேளுங்களேன், ஆம்பளை.

— நான் எப்படிடி கேக்கறது? மாசமா இருக்கற பொண்ணு...

— அதான். எடுத்த சட்டையை என்ன செய்ய? மாட்டவா, மடிக்கவா?

— ...இந்தப் பதிவு எத்தனை நாளைக்கு இருக்கும் தெரியுமா? பதினஞ்சு நாள். அப்புறம் தானா அழிஞ்சுடும்.

— நான் ஒண்ணும் சொல்லலை.

— மடிச்சு வை.

\*

— கூரையில ஏறி என்ன பண்றீங்க அச்சாயா? விழுந்து வெச்சா தூக்க ஆளில்லை.

— ஆன்டெனா மாட்டறேன். இனிமே பெட்டி சாட்டிலைட்லேருந்தே நேரத்தை வாங்கிக்கும். யாரும் தட்ட வேண்டாம், எந்தக் கடிகாரத்தையும் பார்க்க வேண்டாம். ஒரு நொடி பிசகாது.

— நல்ல காலம் பார்த்து வாங்கினீங்க. தெரேசியா வீட்டுச் சாமானெல்லாம் லாரியில ஏறிப் போயாச்சு.

— எங்க போறாங்க?

— வயநாட்டுல அவ தங்கச்சி வீட்டுக்கு. ஜிஜோ அங்கே சின்ன கிளினிக் ஒண்ணுல ஊசி போடறானாம். டெல்னாவுக்குப் போன திங்கக்கிழமை கல்யாணம், சங்கனாச்சேரிப் பையன், அவனும் அயர்லாந்துதான். தெரேசியா வீட்டை வாங்கினது ஒரு கனடாக்காரன். பூட்டிப் போட்டு, சுத்தி கேமரா மாட்டப் போறானாம். இனிமே கொடியில பார்க்கக்கூட ஒரு துணி கெடையாது.

— உன்கிட்டச் சொல்லிட்டுப் போனாளா?

— நான் கேட்டுல நின்னேன். உங்க கேமராவைத்தான் பார்த்துட்டுப் போனா, என்னைப் பார்க்கலை. சரி, கீழ இறங்குங்க. ஔசேப்பு சேட்டன் மகள் வீட்டுலேருந்து திரும்பி வந்துட்டார், ஊன்றுகோல் வெச்சு நடக்கறார். கஞ்சி கொண்டு போய்க் குடுத்தேன்.

— ஏதாவது சொன்னாரா?

— தெரேசியா போன சேதியைச் சொன்னேன். "ஐயோ, எதுக்கு?"ன்னார். மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியலை. ஆஸ்பத்திரியில எஸ்.ஐ. வந்து "சிவப்புக் கார்தானே"ன்னு கேட்டிருக்கார், இவர் மருந்து மயக்கத்துல எல்லாத்துக்கும் தலையாட்டியிருக்கார்.

— சாபுவைப் பார்த்தாராமா?

— பார்த்தாராம். வெள்ளைக் காரை ஓரங்கட்டி, இவருக்கு வழி விட்டுட்டு, கையாட்டிட்டுப் போனானாம். "உங்க மருமகன் எவ்வளவு மரியாதையான பையன்"னு மெச்சிக்கறார்.

— அப்போ அந்த விளக்கு...

— நாய்தான்.

— சாபுவும் இல்லை, ஜிஜோவும் இல்லைன்னா அந்த மனுஷனை இடிச்சது எந்த வண்டிடி?

— எந்த வண்டியும் இல்லை அச்சாயா. சாபு போனப்புறமும் மணி அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, அவர் ரெண்டு கையையும் ஹேண்டில்பாரை விட்டு எடுத்துக் கும்பிட்டிருக்கார்.