ஆசீர்வாதம் சாரின் மூக்கு

ஆசீர்வாதம்: ராயபுரத்திலேருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கம்பெனியில எந்தக் கேஸ் கசிஞ்சாலும் கண்டுபிடிக்க சர்க்கார் ஒரு மிஷினும் வாங்க வேண்டியதில்ல. இந்த ஒரு மூக்கு போதும். எழுதிக்கோ.

ரோஷன்: இதையா சார் எழுதச் சொல்றீங்க? பயிற்சித் திட்டத்துலயா?

ஆசீர்வாதம்: பின்னே? முதல் பாடமே அதுதான். 'கெமிஸ்டுக்கு மூக்கே மூலதனம்.' இருபத்தாறு வருஷ லேப் அனுபவம்டே, சும்மா இல்ல.

ரோஷன்: மானேஜர் கேட்டது, ஆபத்தான சரக்கைக் கையாளுற கெமிஸ்டுகளுக்குப் பயிற்சி சார். உங்க ஜீவிய சரித்திரம் இல்ல.

ஆசீர்வாதம்: ரெண்டும் ஒண்ணுதான். நான் சொல்லுத ஹெட் கெமிஸ்ட், நீ எழுதுத கெமிஸ்ட். எழுது... ஆமா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, மணி ரெண்டாகப் போவுது. நீ தொழுகைக்குப் போகலையா?

ரோஷன்: இல்ல சார்... கையில மை ஆயிடுச்சு.

ஆசீர்வாதம்: கழுவினாப் போவுது.

ரோஷன்: கழுவினேன் சார். போகலை... ரெண்டாவது பாடம் சொல்லுங்க.

ஆசீர்வாதம்: முதல்ல எவ்வளவு நேரம்னு போடு.

ரோஷன்: மூணு நாள்னு போட்டிருந்தேன். மானேஜர் அதை அடிச்சுட்டு முக்கால் மணி நேரம்னு எழுதியிருக்கார். அதுவும் சாப்பாட்டு இடைவேளையில.

ஆசீர்வாதம்: பயிற்சியால வேலை கெடக் கூடாதுல்லா.

ரோஷன்: திங்கக்கிழமை வர்ற ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒண்ணரை மணி நேரம் ஒதுக்கியிருக்கார்.

ஆசீர்வாதம்: மீன்ல முள்ளு இருக்கும்டே. ஆபத்தான சரக்கு. நிதானமாத்தான் கையாளணும்.

ரோஷன்: முகமூடி போட்டுக் காட்டணும்னு எழுதியிருந்தேன்.

ஆசீர்வாதம்: எந்த முகமூடி?

ரோஷன்: நம்மகிட்ட இருக்கிறதே ஒண்ணுதான். மானேஜர் வீட்டு பீரோவுல இருக்கு.

ஆசீர்வாதம்: அங்கதான் பத்திரம். சீமையிலேருந்து வந்ததுல்லா.

ரோஷன்: அது பத்திரமாத்தான் சார் இருக்கு. நாமதான்... இங்க திருவொற்றியூர்ல கேஸ் கசிஞ்சா, ராயபுரத்துக்கு பஸ் ஏறிப் போயி, மானேஜர் வீட்டுக் கதவைத் தட்டி...

ஆசீர்வாதம்: பஸ் வேண்டாம். ரயில்ல போகணும்னு எழுது. சீக்கிரம் போகலாம்.

ரோஷன்: எழுதிட்டேன். அடுத்து, மணல் வாளி நாலு.

ஆசீர்வாதம்: மணல் இருக்கா?

ரோஷன்: வாளி இருக்கு. ஒண்ணுல மட்டும் பீடித் துண்டு இருக்கு.

ஆசீர்வாதம்: ஒண்ணாவது காலியா இல்லாம இருக்குன்னு சந்தோஷப்படு. மேல சொல்லு.

ரோஷன்: ஆசிடை வாயால உறிஞ்சி எடுக்கக் கூடாது. குழாய் மேல ரப்பர் உருண்டை மாட்டித்தான்...

ஆசீர்வாதம்: வாய் எதுக்குடே இருக்கு?

ரோஷன்: நம்ம லேப் அமீருதீனுக்கு நாக்கு வெந்துபோச்சே சார். பத்து நாள் கஞ்சிதான் குடிச்சான்.

ஆசீர்வாதம்: உறிஞ்சும்போது பேச்சு குடுத்தா வேகாம என்ன செய்யும்? சரி, ரப்பர் உருண்டைன்னே போடு. இன்ஸ்பெக்டருக்குப் புடிக்கும்.

ரோஷன்: இதுதான் சார் முக்கியம். அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அந்தக் கேஸ். ஈய உப்புத் தண்ணியில நனைச்ச வடிதாள் துண்டு ஒண்ணை ஒவ்வொருத்தரும் சட்டையில குத்திக்கணும். கேஸ் பட்டா தாள் கறுத்துடும். உடனே வெளிய ஓடி வந்துடணும். மூக்கை நம்பி...

ஆசீர்வாதம்: தாயத்து!

ரோஷன்: தாயத்து இல்ல சார், இது...

ஆசீர்வாதம்: தாயத்தேதான். பி.எஸ்ஸி. படிச்சுட்டு காகிதத்தை நெஞ்சுல குத்திட்டு அலையப் போறியோ? ஏல, கர்த்தர் மனுஷனை மண்ணால உருவாக்கி, ஜீவ சுவாசத்தை எதுல ஊதினார்? நாசியில. வடிதாள்லயா ஊதினார்?

ரோஷன்: அந்தக் கேஸ் முதல்ல நாசியைத்தான் சார் சாகடிக்கும். கொஞ்ச நேரம் நாறும், அப்புறம் நாறாது. நாறலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நமக்குத் தெரியலைன்னு அர்த்தம்.

ஆசீர்வாதம்: புஸ்தகத்துல இருக்கும்.

ரோஷன்: புஸ்தகத்துல இருக்கு சார்... போன மாசம் வரைக்கும் நம்ம ரஷீதும் இங்க இருந்தான்.

ஆசீர்வாதம்: பாரு, கெங்கம்மா வாரா. திரும்பிப் பார்க்காமலே சொல்லுதேன். பூ வாசம் முன்னாடி வருது, ஆள் பின்னாடி வருது. இப்ப சொல்லு, மூக்கா, காகிதமா?

கெங்கம்மா: கழுவுன புட்டிய எங்க வைக்கட்டும் சார்?

ஆசீர்வாதம்: இந்த மேஜையில வை. தலையில பூ ஜோரா மணக்குதே கெங்கம்மா.

கெங்கம்மா: ...மணக்குதா சார்?

ஆசீர்வாதம்: லேபையே தூக்குது.

கெங்கம்மா: ...செரி சார்.

ஆசீர்வாதம்: அதென்ன, மாராப்புல காகிதம்?

கெங்கம்மா: ரோஷன் தம்பி குட்த்துது. கேஸ் ரூமாண்ட தொடைக்கப் போறேன்ல. இது கறுத்துச்சுன்னா தொடப்பத்த வுட்டுட்டு ஓடியாந்துடுக்கான்னு சொல்லிச்சு.

ஆசீர்வாதம்: நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ காகிதத்தை நம்புத. நாளைக்கு வேப்பிலையும் கட்டிக்கோ.

கெங்கம்மா: அதுவும் கட்டிக்கினுதான் சார் கீறேன்.

ரோஷன்: தேதி சொல்லுங்க சார். பயிற்சி என்னிக்கு?

ஆசீர்வாதம்: மானேஜர்தான் சொல்லிட்டாரே. ஐம்பத்திரண்டு ஜனவரி பன்னெண்டு, சனிக்கிழமை.

ரோஷன்: இன்னிக்கு பிப்ரவரி எட்டு சார்.

ஆசீர்வாதம்: காலண்டர் எனக்கும் தெரியும்.

ரோஷன்: நடந்து முடிஞ்ச பயிற்சிக்குத் திட்டம் போடறோம்.

ஆசீர்வாதம்: அதுல ஒரு சௌகரியம் உண்டு. யாரும் லேட்டா வர முடியாது.

கெங்கம்மா: இன்னா நைனா இது? பன்னெண்டாந் தேதி பொங்கலுக்குன்னு நாங்க இங்க வெள்ளையடிச்சிகினு இருந்தோம். எவனும் எவனுக்கும் ஒண்ணியும் சொல்லிக் குட்க்கலியே?

ரோஷன்: ரஷீது செத்தது இருபத்தொண்ணாந் தேதி அக்கா. அதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் பயிற்சி குடுத்துட்டோம்னு இன்ஸ்பெக்டருக்கு ரெஜிஸ்டர் காட்டணும். பன்னெண்டு கெமிஸ்டுங்க கையெழுத்து வேணும். ரஷீதோடதும்.

கெங்கம்மா: மண்ணுக்குள்ள கீறவன் எப்படி நைனா கையெழுத்து போடுவான்?

ரோஷன்: போட்டாத்தான் அக்கா தப்பு அவன் மேல ஆகும். பாடம் கேட்டான், கையெழுத்துப் போட்டான், அப்புறமும் தானாவே கேஸ் ரூமுக்குள்ள போயி செத்தான். ரஹீமுன்னிசாவுக்கு அப்படித்தான் கடுதாசி போகும். 'உன் புருஷன் சொன்ன பேச்சு கேக்கலை.'

கெங்கம்மா: அடப்பாவிங்களா... அந்தப் பொண்ணு இன்னும் வாசப்படி தாண்டலியே.

ஆசீர்வாதம்: மெதுவாப் பேசு கெங்கம்மா. ஆபீஸ்ல கேக்கும்.

ரோஷன்: ரஷீது உருதுலதான் கையெழுத்துப் போடுவான். ஆபீஸ்ல உருது எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அதனால அந்த வேலை எனக்காம்.

ஆசீர்வாதம்: ...திறமை உள்ளவனுக்குத்தானே வேலையைக் குடுப்பாங்க.

ரோஷன்: நான் போடட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க சார்.

ஆசீர்வாதம்: நான் என்னத்தச் சொல்ல? எனக்கு உருது தெரியாது.

ரோஷன்: அன்னிக்கு அவன் தானாவா சார் போனான்?

ஆசீர்வாதம்: பின்னே, நான் தூக்கிட்டா போனேன்?

கெங்கம்மா: தானாப் போவல.

ஆசீர்வாதம்: கெங்கம்மா, உனக்கு அடுத்த ரூம்ல வேலை இருக்கு.

கெங்கம்மா: நான் அங்கதான் சார் தொடச்சிகினு இருந்தேன். ரஷீது பாய் கதவாண்ட நின்னுகினு, 'சார், உள்ள போலாமா, பாருங்க'ன்னு கேட்டாரு. எப்பவும் உங்களத்தான எல்லாரும் கேப்பாங்க? நீங்க மூக்க நீட்டிட்டு, 'ஒண்ணுமில்ல, போ'ன்னீங்க. எனக்கானா கொடலப் புடுங்குது நாத்தம். இம்மாம் படிச்சவரு இல்லன்றாரு, நம்ம மூக்குதான் கலீஜ் போலன்னு... நானும் வாயத் தொறக்காம இருந்துட்டேன் சார். பதினெட்டு நாளா சோறு எறங்கல.

ரோஷன்: அக்கா...

ஆசீர்வாதம்: அன்னிக்கு எனக்குச் சளி.

கெங்கம்மா: இன்னிக்குமா சார்?

ஆசீர்வாதம்: இன்னிக்கு என்ன? உன் பூவை வாசம் புடிச்சுச் சொல்லலையா?

கெங்கம்மா: இது கனகாம்பரம் சார்.

ரோஷன்: கனகாம்பரத்துக்கு ஏது சார் வாசனை?

கெங்கம்மா: நீங்க ஜன்னல் கண்ணாடியில பாத்தீங்க. நானும் பாத்தேன்.

ஆசீர்வாதம்: ...அந்தப் பேனாவை மூடு ரோஷன்.

ரோஷன்: சார்?

ஆசீர்வாதம்: ரஷீது பேருக்கு நேரே ஒண்ணும் போடாத. காலியாக் கிடக்கட்டும். மானேஜர் கேட்டா, ஆசீர்வாதம் வேண்டாம்னான்னு சொல்லு. என்ன செய்யறாரோ செய்யட்டும்.

ரோஷன்: காலையில எட்டு மணிக்கே போட்டுட்டேன் சார்.

ஆசீர்வாதம்: என்னது?

ரோஷன்: மானேஜர் பக்கத்துலயே நின்னார். கை நடுங்கினா நிஜம் மாதிரி இருக்காதுன்னு ஒரு டீ வரவழைச்சுக் குடுத்தார். குடிச்சுட்டுப் போட்டேன். ரஷீது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து விடுவான், தோஸ்து கையெழுத்தாச்சே... அதைக்கூட விடலை. ரெஜிஸ்டர் ராயபுரம் போயாச்சு. இந்நேரம் பீரோவுல முகமூடிக்குப் பக்கத்துல இருக்கும். இந்தத் திட்டம் ஒண்ணுதான் பாக்கி.

ஆசீர்வாதம்: அப்ப இவ்வளவு நேரம் என்கிட்ட என்னத்துக்குல கேட்ட?

ரோஷன்: யாராச்சும் ஒருத்தர் வேண்டாம்னு சொல்றாங்களான்னு பார்த்தேன் சார்.

ஆசீர்வாதம்: சொன்னேனே!

ரோஷன்: சொன்னீங்க.

ஆசீர்வாதம்: திருப்பி வாங்கிரலாம்டே. நான் பேசுதேன்.

ரோஷன்: பேசி? 'நான்தான் போகச் சொன்னேன், அதான் போனான்'னு சொல்வீங்களா சார், இன்ஸ்பெக்டர்கிட்ட?

ஆசீர்வாதம்: இன்ஸ்பெக்டர் திங்கக்கிழமைதானே வாரார்...

ரோஷன்: விடுங்க. என் கையும் சுத்தமில்ல.

கெங்கம்மா: சங்கு ஊதிடிச்சு. கேஸ் ரூம்ல சாம்பிள் எடுக்கணும், யாரு வர்றீங்க? ரஷீது பாய் வேலைய இன்னும் யார்கிட்டயும் குட்க்கல.

ரோஷன்: நான் போறேன்.

ஆசீர்வாதம்: நீ உக்காரு. நான் போறேன்.

ரோஷன்: போயிட்டு வாங்க சார். உங்களுக்குத்தான் மூக்கு இருக்கே.

ஆசீர்வாதம்: ...கெங்கம்மா.

கெங்கம்மா: இன்னா சார்?

ஆசீர்வாதம்: அந்த... தாயத்து. இன்னொண்ணு வச்சிருக்கியா?

கெங்கம்மா: கீது சார். காயாம ஈரத் துணியிலதான் சுத்தி வச்சிகினு கீறேன்... கோட்டுக்கு உள்ளாறக் குத்தட்டா? யாருக்கும் தெரியாது.

ஆசீர்வாதம்: உள்ள குத்தினா கறுக்கிறது எனக்கும் தெரியாதே. வெளியவே குத்து.

கெங்கம்மா: எப்பத்திலேருந்து சார் மூக்கு இப்படி?

ஆசீர்வாதம்: ரெண்டு வருஷமாச்சு. வீட்டுல பால் தீஞ்சு, என் சம்சாரம் செல்லக்கனி அடுத்த வீட்டுலேருந்து மூக்கைப் பொத்திட்டு ஓடி வாரா. நான் அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கேன். ராயபுரத்திலேருந்து எண்ணூர் வரைக்கும் அவ ஒருத்திக்குத்தான் தெரியும். ரஷீதுகிட்டயாவது சொல்லியிருக்கலாம்... நல்லாக் குத்து கெங்கம்மா, விழுந்துறாம.