வழக்குச் சொத்தான உவர்ப்புல்

எனது பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் மேல் தாளில் எழுதியுள்ளபடி. வயது ஐம்பத்து நான்கு. உலர்ந்த செடிகளை அட்டையில் தைத்து அடுக்கி வைக்கும் தாவரக் காப்பகத்தில் உதவிக் காப்பாளராக வேலை செய்கிறேன். காப்பாளர் என் மனைவியின் தம்பி. அந்த வேலைக்கு மனுப் போடும்படி அவருக்குச் சொன்னது நான்தான்.

உவர்ப்புல் என்பது உப்புச் சேற்றில் வளர்வது. இலையில் உப்பு பூக்கும். இந்நகரில் எடுத்த உவர்ப்புல் அட்டைகள் சில எங்கள் அலமாரியில் உள்ளன. கழிமுகத்தை மூடிச் சாலை போட்ட பின் புதிதாக ஒன்றும் சேரவில்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் சதுப்பில் மண் கொட்டலாமா என்று கேட்டு நிலத்துக்காரரிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. அப்புல் நகரில் அழிந்துவிட்டதால் ஆட்சேபணை இல்லை என்று காப்பாளர் பதில் தயாரித்தார். அது அங்கே நிற்பதைப் பேருந்திலிருந்து பார்த்தேன் என்று நான் சொன்னதற்கு, "பஸ்ல தூங்காம வர்றீங்களா மாமா? பரவாயில்லையே" என்றார். அதன்பிறகு சதுப்பைச் சுற்றியுள்ள கம்பி வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக் காட்டினேன். "போட்டோல எல்லாப் புல்லும் பச்சையாத்தான் இருக்கும். அட்டையில வந்தா பாக்கலாம்" என்றார். மாதிரி எடுத்துவர அனுமதி கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேசையில் தேநீர்க் குவளைக்கு அடியில் இருந்தது.

அதன்பிறகு இன்று காலை வேலி கிழிந்திருந்த இடத்தின் வழியாக உள்ளே போய், வேர், தண்டு, கதிர் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் மாதிரி செல்லும் என்பதால், ஒரு தூரை மட்டும் முழுதாகப் பெயர்த்தேன். மற்ற தூர்களைத் தொடவில்லை. அப்போது காவலாளி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து, "கம்பிய எங்கடா வச்சிருக்க?" என்றார். நான் புல்லைக் காட்டினேன். அவர் கைப்பேசியில், "கம்பித் திருடன்தான் சார். மாட்டுனதும் புல்லு புடுங்க வந்தேங்குறான்" என்றார். இலையை நக்கிப் பார்க்கும்படி நான் சொன்னதற்குக் கன்னத்தில் அறைந்தார். பிறகு அவரே ஓர் இலையை நக்கி, "ஆமா, உப்புக் கரிக்குது" என்றார். அவர் அறைந்ததை விட்டுவிட்டாலும் இதை எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு காவல் நிலையத்தில் புல்லைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார்கள். உள்ளே வியர்த்து அழுகிவிடும், செய்தித்தாளுக்கு நடுவே வைக்க வேண்டும் என்று கேட்டேன். "கேஸ் சொத்து சார். இஷ்டத்துக்குப் பிரிக்க முடியாது" என்றார் எழுத்தர்.

அதன்பிறகு காப்பாளர் வரவழைக்கப்பட்டார். புகாரைத் திரும்பப் பெற நிலத்துக்காரரிடம் பேசிவிட்டதாகச் சொல்லி, "மனசு சரியில்லாம உள்ள போயிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மாமா, அக்கா அழுதுட்டிருக்கா. இந்தக் குப்பைய நான் எடுத்துட்டுப் போறேன்" என்று பையை எடுக்கக் கை நீட்டினார்.

எனக்கு மனம் சரியாகவே இருக்கிறது. அந்த நிலத்தில் வளர்ந்திருந்த உவர்ப்புல்லில் ஒரு தூரை உடையவர் அனுமதியின்றித் திருடினேன். இல்லாத புல்லை யாரும் திருட முடியாது. ஆகவே என் மீது வழக்குப் பதிந்து, திருடிய பொருள் இன்னது, இன்ன இடத்தில் வளர்ந்தது என்று எழுதி, புல்லை நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பிறகு எழுத்தர் என் முன்னிலையில் பையைப் பிரித்து, புல்லை நேற்றைய செய்தித்தாளில் விரித்தார். மடங்கியிருந்த கதிரை நிமிர்த்த என்னை அனுமதித்தார். மேலே இரண்டு கனத்த பதிவேடுகளை வைத்தார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். திருட்டுப் பொருள் என்ற இடத்தில் "புல்" என்று மட்டும் இருந்ததை "உவர்ப்புல், வேர், தண்டு, கதிருடன், உயிருள்ள நிலையில் எடுத்தது" என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது; சொன்னதெல்லாம் உண்மை.

(கையொப்பம்)
உதவிக் காப்பாளர்