பொய் ஒவ்வாமை

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், நன்றி. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்கிற சொல்லையே எழுதுங்கள்.

பல்கேரியாவில் எங்கள் ரூசே ஊரில் எல்லோருக்கும் எல்லாம் அலர்ஜி. மிளகாய் அலர்ஜி, மருமகன் அலர்ஜி. ஒவ்வாமைப் பிரிவுக்கு இருபத்திரண்டு வருடம் தலைவனாக இருந்து, கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற நெவேனா ஏப்ரலில் ஸ்கேனுக்கு வந்தாள். படம் தெளிவாக விழுவதற்கான சாய ஊசி போட்டதும் தொண்டை வீங்கி, மூச்சு நின்று, எப்படியோ பிழைத்தாள். நர்ஸ் இஸ்க்ரா அவள் கையில் அலர்ஜிக்காரர்களுக்கான சிவப்பு வளையத்தை மாட்டி, கோப்பிலும் அலர்ஜி என்றே எழுதிவிட்டாள். நான் சோதித்தேன். ஒவ்வாமைக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் துளிகூட இல்லை. அசல் மாதிரியே வந்து மிரட்டும், அசல் இல்லை. அதன் பெயர் பொய் ஒவ்வாமை. வளையத்தை வெட்டினேன், கோப்பைத் திருத்தினேன்.

“பொய்யோ மெய்யோ, மூச்சு நின்னது நெசந்தானே டாக்டர்?” என்றாள் இஸ்க்ரா. வார்டே சிரித்தது.

“நீ ஊசி போடும்மா. பேர் வைக்கிறதை என்கிட்ட விடு.”

அக்டோபரில் நெவேனா மறுபடி வந்தாள். ஸ்கேன் எடுக்கிற கிராசிமிர் அறையிலிருந்து போன் செய்தான்.

“கோப்புல பொய்னு போட்டிருக்கு டாக்டர். சாயம் ஏத்தலாமா?”

“நான் வந்ததும் ஏத்து.”

சாயம் ஏறினால் மூச்சு முட்டல் மறுபடி வரும் என்று தெரியும். பொய்யானதும் ஆளைக் கொல்லும், இரண்டுக்கும் மருந்து ஒன்றேதான், அட்ரினலின். முதல் வருட மாணவனுக்கே தெரியும். ஆனால் அது வந்த நிமிடத்திலேயே ரத்தம் எடுத்துக் காட்டினால்தான் இஸ்க்ராவின் வாயை அடைக்க முடியும்.

நான் போய் நின்றதும் சாயம் ஏற்றினார்கள். “அட்ரினலின் போடுங்க டாக்டர், நீலமாயிட்டாங்க,” என்று கிராசிமிர் கத்தினான். அட்ரினலின் என் சட்டைப் பையில் இருந்தது. மருந்து கலந்த ரத்தம் என்று நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது. முதலில் ரத்தம் என்றேன். நரம்பு கிடைக்க நான்கு நிமிடம் ஆனது. நெவேனா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

முடிவு வந்தது. எதிர்ப்புப் பொருள் இல்லை. நான் சொன்னதுதான் சரி.

நாற்பதாம் நாள் அவள் மகள், ஊர் வழக்கப்படி, அம்மாவின் படம் போட்ட இரங்கல் தாளைத் தெருவெங்கும் ஒட்டியிருந்தாள். ‘அலர்ஜிக்குப் பலியான எங்கள் அம்மா.’ பஸ் நிறுத்தத்தில், மரங்களில், ரொட்டிக் கடையில் என்று பதினேழு தாள்களிலும் சிவப்புப் பேனாவால் ‘பொய் ஒவ்வாமை’ என்று திருத்தினேன். பதினெட்டாவது அவர்கள் வீட்டுக் கதவில் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் கதவைத் திறந்தாள். அவள் போலீசைக் கூப்பிட, அப்படித்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொன்றது நான்தான். தாராளமாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்றாவது வரியில் அலர்ஜி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள்.