பதினஞ்சு நாளா அதே அம்பத்தெட்டு

உக்காரலைங்க மேடம், நின்னுக்குனே சொல்லிடறேன். காலேஜ் அட்மிஷன் முந்தாநாளே முடிஞ்சுபோச்சுன்னு போர்டுல பார்த்தேன். ஆனா பொண்ணு மேல தப்பில்லைங்க. எழிலரசின்னு பேரு. அதோ, வெளிய வேப்பமரத்துக்கிட்ட நிக்குது பாருங்க, பச்ச சுடிதார்.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரில எரநூத்துக்கு அம்பத்தெட்டு, ஃபெயிலு. மறுகூட்டலுக்குப் போட்டுச்சு. ரிசல்ட்டு நெட்ல வரும்னு தெனமும் சாயந்திரம் வேங்கிக்கால்லருந்து சைக்கிள் மிதிச்சிக்குனு செங்கம் ரோட்டு ப்ரௌசிங் சென்டருக்கு வரும். சென்டர்காரன் நம்பரைத் தட்டிப் பார்த்துட்டு, அதே அம்பத்தெட்டுதான், போம்மான்னுடுவான். பதினஞ்சு நாளு!

அவன் ஒரு மக்குங்க. பக்கத்துல இருக்கற ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க நெட் லைன் ஸ்லோ, ஸ்லோன்னு கத்தறாங்கன்னு சர்வர்ல ஒரு வேலை பண்ணி வெச்சான். நெட்ல ஒரு தடவை பார்த்த பக்கத்தை அது காப்பி எடுத்து வெச்சுக்கும். மறுபடி கேட்டா டக்குனு அதையே நீட்டும். தப்பில்லைங்க, எல்லாரும் பண்றதுதான். ஆனா நீட்டறதுக்கு முன்னாடி, ஏதாச்சும் மாறிச்சான்னு அந்தப் பக்கம் எங்கேருந்து வந்துச்சோ அங்க ஒரு வார்த்தை கேக்கணும். ஒரு மாசத்துக்கு கேக்கவே வேணாம்னு வெச்சிட்டான். ஸ்பீடு ஜாஸ்தி, மூளை கம்மி.

எப்படித் தெரிஞ்சுதா? நேத்து ஒரு வெள்ளைக்காரரு சென்டர்ல ஒக்காந்து நெட்ல அவங்க ஊர் பேப்பரைப் படிச்சிட்டு, என்னாப்பா, எங்க ஊர்ல ரெண்டு வாரமா மழை, அதுவும் அதே மழைன்னு சிரிச்சாரு. அப்பதாங்க வெளங்குச்சு, இத்தினி நாளா நீட்டுனது பழைய காப்பின்னு. ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுதான் காட்டணும்னு உடனே மாத்தியாச்சு. ரெண்டே வரி. மாத்துன கையோட இந்தப் பொண்ணு நம்பரைத் தட்டுனா, கெமிஸ்ட்ரி நூத்தியெட்டு! விடைத்தாள்ல உள்ள நாலஞ்சு பக்கத்து மார்க்கைக் கூட்டவே இல்லையாம். திருத்திப் போட்டு பன்னண்டு நாளாச்சு. இந்தாங்க பிரிண்ட் அவுட்டு.

ஒரே ஒரு சீட்டுங்க மேடம். எந்த பி.எஸ்சி-யா இருந்தாலும் படிச்சுக்கும்.

நானா? பொண்ணோட அப்பா நான் இல்லைங்க. அவங்கப்பா கழனில ஏர் ஓட்டிக்குனு இருப்பாரு. மாமா, சித்தப்பா, ஒண்ணும் கெடையாது.

நான்தாங்க அந்த சென்டர்காரன். தசரதன்.

அதுக்கு இன்னும் தெரியாதுங்க. கவர்மெண்டுதான் லேட்டு பண்ணிடுச்சுன்னு நெனச்சிக்குனு இருக்குது. சீட்டு குடுத்தாலும் குடுக்காட்டியும் உள்ள கூப்புடுங்க மேடம், உங்க முன்னாடியே சொல்லிடறேன். நீங்க தெனமும் பொறுமையா பாத்து சொன்னீங்களே அண்ணான்னு, பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் எனக்கு தேங்க்ஸ் சொல்லிக்குனு வந்துச்சுங்க.