பிடுங்க வேண்டாம், அறுக்கவும்

காளான் தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் பொறுமைசாலிகள். நானும் அப்படித்தான். பத்தொன்பது வருஷம் மழைக்கோட்டும் கூடையுமாகக் காட்டில் அலைந்தவள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் என் வாக்குமூலத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தாவர ஆய்வு நிலையத்தில் எனக்கு உதவியாளர் வேலை. இயக்குநர் காட்டுப் பக்கம் வரமாட்டார். முழங்கால் வலி என்பார். முதலில் காட்டுக்கொடிகளைப் பற்றி ஆறு வருஷம் உழைத்து ஒரு புத்தகம் எழுதினேன். அவர் பெயரில் வந்தது. பிழையில்லாமல் தட்டச்சு செய்ததற்காக முன்னுரையின் கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். வெளியீட்டு விழாவில் விருந்தினர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

வீட்டில் என் கணவர்தான் கொதித்துப்போனார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மட்டும் பேரு வந்துடுமா?" என்றேன்.

அடுத்து காளான் புத்தகம். அதுவும் யார் பெயரில் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

எங்கள் காட்டில் வெள்ளைக் குடைக் காளான் ஒன்று முளைக்கும். தாராளமாகச் சாப்பிடலாம். அதன் கூடப்பிறந்தது போல இன்னொன்று உண்டு. அதே உயரம், அதே வெள்ளை. ருசியும் மோசமில்லை என்றுதான் சொல்கிறார்கள். சாப்பிட்ட மறுநாள் வாந்தி வரும். பிறகு ஒரு நாள் உடம்பு தேறிவிட்டது போல இருக்கும். அந்த ஒரு நாளில் ஈரல் போய்விடும். வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது. கெட்டதன் அடித்தண்டு, உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு பைக்குள் உட்கார்ந்திருக்கும். அடியோடு தோண்டிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது இது: 'பிடுங்க வேண்டாம். மண்ணை ஒட்டிக் கத்தியால் அறுக்கவும். அப்போதுதான் அடுத்த மழைக்கும் முளைக்கும்.' பையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. படிக்க நன்றாகவே இருந்தது, காட்டின் மேல் அக்கறை உள்ளவர் எழுதியது போல.

நான் அநியாயக்காரி இல்லை. அச்சுக்குப் போகும் முன் அவர் அறைக்குப் போனேன். "அறுபத்திரண்டாம் பக்கத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க சார்."

அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "நீங்க எழுதினதுல தப்பு இருக்குமாம்மா?" என்று சிரித்தார். அதுதான் அவர் என்னைப் பாராட்டிய ஒரே தடவை. அதைக் கேட்கக் கதவுக்கு வெளியே யாரும் இல்லை.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில் ஒரு பெண் நிலையத்துக்கு வந்தாள். கணவர் தையல்காரர். அவரும் அவள் அம்மாவும் ஐந்து நாளில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். காளான் பறித்து வந்த அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல், கஞ்சியோடு படுத்துவிட்டாள். இயக்குநர் வெளியூரில் இருந்ததால் என் எதிரே உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"நான் பிடுங்கப் போனேங்க. 'அறுக்கணும்டி, புக்குல போட்டிருக்கான்'னு என்னையத் திட்டுனாரு. அப்படி ஒரு கவனம் அவருக்கு. அப்புறம் எங்கேங்க தப்பாச்சு?"

தண்ணீர் கொடுத்தேன். யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, இயக்குநரின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பேப்பரில் அவர் படம் வந்தது. வேலை போனது. வீட்டு வாசலில் நின்று ஜனங்கள் காறித் துப்பினார்கள். போன வாரம் நீதிபதி முன்னால் கைகூப்பி அழுதாராம். "நான் ஒரு வரிகூட எழுதலைங்க. எல்லாம் அந்தம்மா எழுதினது. எல்லாப் புத்தகமும்."

அதைக் கேட்டதும் கணவரை அனுப்பி அரைக் கிலோ இனிப்பு வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்து வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தொடவில்லை.

வக்கீல் மறுத்துவிடச் சொல்கிறார். "உங்க கையெழுத்து எதிலயும் இல்லம்மா, தப்பிச்சுடலாம்" என்கிறார். பாவம், அவருக்குப் புரியவில்லை. மறுக்க மாட்டேன். முந்நூற்று நாற்பது பக்கமும் என்னுடையவை, அந்த மூன்று வரிகள் உட்பட. யாராவது சாவார்கள் என்று தெரிந்தே எழுதினேன். என் பெயரை இனிஷியலோடு சரியாகப் போடுங்கள். அடுத்த பதிப்பில் அந்த இடத்தை மட்டும் திருத்தினால் போதும். மற்றபடி அது நல்ல புத்தகம்.