அமலதாஸின் பத்தியம்

காலிபிளவரைத் துருவிச் சோறு போல ஆக்குவது பெரிய வேலை இல்லை. துருவியதும் துணியில் கட்டி நன்றாகப் பிழிய வேண்டும். ஈரம் இருந்தால் குழைந்துவிடும். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். முதல் பத்து நாள் எனக்குச் சரியாக வரவில்லை. பிறகு வந்தது. அவருக்குச் சமைத்துப் போட்டதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

என் பெயர் மரியகொரெட்டி. வயது அறுபத்திரண்டு. என் கணவர் அமலதாஸ் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். லய வீடுகளை இடித்த பிறகு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். இனிப்பு நீர் வியாதி அவருக்கு நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் காலையில் மூன்று ரொட்டி சானாய், மத்தியானம் தட்டு நிறையச் சோறு, லாரியில் எந்நேரமும் ஒரு பொட்டலம் தே தாரேக் டீ என்றுதான் இருந்தார். கண் மங்கி, பிறகு தெரியாமலே போனது. இரண்டு வருடத்துக்கு முன் இடது பாதத்தில் ஒரு புண் ஆறாமல் போய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்போது அவர் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு. ஒரு நாளைக்கு ஆறேழு முறை நான்தான் தூக்கினேன். என் இடுப்பு அந்த வருடமே போய்விட்டது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாளும் என்னை அடித்ததில்லை. கூப்பிடுவார், அவ்வளவுதான். காற்றாடியைக் கூட்டச் சொல்வார், பிறகு குறைக்கச் சொல்வார். தலையணையைத் திருப்பிப் போடச் சொல்வார். இல்லாத காலைச் சொறியச் சொல்வார். நான் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணியைச் சூடாகக் குடித்து முடித்ததாக நினைவில்லை. பாதியில் "கொரெட்டி" என்று குரல் வரும். திரும்பி வரும்போது அது ஆறிப்போயிருக்கும்.

மாவுச்சத்தைக் குறைக்கும் இந்தச் சாப்பாட்டு முறையை எங்கள் மகள் ரேச்சல்தான் சொன்னாள். அவள் ஜொகூரில் இருக்கிறாள். "அம்மா, சோத்த நிறுத்துங்க. முட்ட, மீனு, கங்கோங் கீர, கொஞ்சம் தேங்கா. வெயிட்டு எறங்குனா ஒங்களுக்கும் ஈசிலா" என்றாள். எனக்கும் ஈஸி என்று அவள் சொன்னதுதான் என் மனத்தில் நின்றது.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஷாமினி தெளிவாகத்தான் சொன்னாள். "ஆன்ட்டி, மாவு கொறஞ்சா இன்சுலின் ஊசியும் கொறையணும். பழைய அளவே போட்டா சீனி ரொம்ப எறங்கிரும், ஆளு மயங்கிருவாரு. நீங்களா ஒன்னும் மாத்தாதீங்க." வீட்டில் ரத்தத்துச் சீனியைச் சோதித்துப் பார்க்க ஒரு மெஷினும் இரவல் கொடுத்தாள். நான் சொன்னபடி கேட்டேன். டாக்டர் ஊசியின் அளவை இரண்டு முறை குறைத்தார். என் கணவருக்குக் கண் தெரியாது என்பதால் எப்போதும் நான்தான் போடுவேன்.

ஐந்து மாதத்தில் பதினேழு கிலோ இறங்கினார். சோறு கேட்டு அழுதார். நான் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி, "ஒன்ன மாதிரி யாரு பாப்பா புருசன" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களும் அதையே சொன்னார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், தூக்கக் கலக்கத்தில், பழைய அளவு ஊசியைப் போட்டுவிட்டேன். அது தவறுதலாக நடந்தது, நம்புங்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது. சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன், தெளிந்துவிட்டார். ஆனால் நடுவில் இருபது நிமிடம் வீட்டில் சத்தமே இல்லை. காற்றாடி ஓடுவது கேட்டது. வெளியே ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது கேட்டது.

அடுத்த வாரம் வேண்டுமென்றே பழைய அளவைப் போட்டேன். உட்கார்ந்து ஒரு தேத்தண்ணியை முழுதாகக் குடித்தேன். பிறகு அவரை எழுப்பிச் சீனித் தண்ணீர் கொடுத்தேன்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை. சில வாரம் மூன்று. எப்போதும் நேரத்துக்கு எழுப்பிவிடுவேன். மெஷினில் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். கிளினிக் நோட்டில் காலை ரீடிங்கை மட்டும் எழுதினேன்; அது நன்றாகவே இருந்தது. எனக்குத் தேவையாக இருந்தது ஒரு மணி நேரம் ஓய்வு. மற்ற பெண்கள் அதற்கு அக்காள் தங்கை வீட்டுக்குப் போவார்கள். அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

செப்டம்பரில் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சிரித்தார். சின்ன வயதுக்காரர், நம்மாள்தான். "அங்கிள், சூப்பர். கிட்னி நல்லாருக்கு, பிரஷர் நல்லாருக்கு. இப்படியே போனா இன்னும் பதினஞ்சு வருசம் கவலையில்ல."

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் இவதான் டாக்டர்" என்றார். கண்ணில் தண்ணீர்.

காரில் திரும்பும்போது நான் கூட்டிப் பார்த்தேன். அறுபத்திரண்டும் பதினைந்தும் எழுபத்தேழு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிறிஸ்மஸுக்கு ரேச்சல் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். போகலாம் என்றேன்.

பதினோரு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, மழை பெய்தது. ஊசி போட்டேன். பழைய அளவைவிட அதிகம். மத்தியானத்துக்குப் பொரித்த கெம்போங் மீனும் வெள்ளரிக்காயும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

"கொரெட்டி, கை நடுங்குதுடி. கொஞ்சம் சீனித் தண்ணி கொண்டா."

கரைத்துக் கொண்டுபோனேன். இரண்டு கரண்டி சீனி, அடியில் தங்காமல் கலக்கினேன். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"குடு" என்றார்.

"ஆறட்டுங்க" என்றேன்.

அது பச்சைத் தண்ணீர்.

அவர் நம்பினார். என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கையை நீட்டினார். அந்தக் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தேன். பிறகு என்னவோ முனகினார், லாரியைப் பற்றி என்று நினைக்கிறேன். பிறகு அதுவும் இல்லை.

ரேச்சலிடமும், ஃபாதரிடமும், ஆம்புலன்ஸில் வந்தவர்களிடமும் நான் தூங்கிவிட்டதாகச் சொன்னேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "பாவம், எத்தன நாளு தூங்காம கெடந்தா" என்று தனலெட்சுமி எனக்காக அழுதாள்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் மிஸ்ஸி ஷாமினி துக்கம் விசாரிக்க வந்தாள். போகும்போது கிளினிக் மெஷினை வாங்கிக்கொண்டாள். பழைய ரீடிங் எல்லாம் அதில் நேரத்தோடு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்று பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கு மூனு மணியிலருந்து அஞ்சு மணிக்குள்ள நாலு தடவ பாத்துருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

"தூங்கிட்டேன்னு சொன்னீங்களே ஆன்ட்டி."

அவளிடம் எப்படிப் பொய் சொல்வது? ஆறு மாதம் எங்களுக்கு எவ்வளவோ செய்த பிள்ளை. அவளோடுதான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஏன் நாலு முறை பார்த்தேன் என்று கேட்கிறீர்கள். பழக்கம். முதல் முறை இரண்டு புள்ளி எட்டு; நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. அப்புறம் இரண்டு புள்ளி ஒன்று. மூன்றாவது முறை அதைவிடக் கீழே. கடைசியில் மெஷின் எண்ணே காட்டவில்லை. ஒவ்வொரு முறையும் விரலைப் பஞ்சால் துடைத்துவிட்டேன். தம்ளர் என் மடியில்தான் இருந்தது. எந்த நேரத்திலும் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ரேச்சல் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். என்னைப் பார்க்க மாட்டாளாம். பரவாயில்லை. நீங்கள் போய், அப்பா கடைசியில் ஒரு கஷ்டமும் படவில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள், மேடம். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் அவரை ஒரு நிமிடமும் தனியாக விடவில்லை.